ரப்பர் கொட்டையும் மூன்றாம் வாய்பாடும்

ஒரு ரப்பர் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று புடைப்பு இருக்கும். வெடித்தால் மூன்று கொட்டை விழும். அந்த மரத்தின் இலைகூட ஒரே காம்பில் மூன்று மூன்றாகத்தான் விரியும். காய் வெடிக்கும் காலத்தில் வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகள் சட்டைப்பை புடைக்கக் கொட்டை பொறுக்கிக்கொண்டு வருவார்கள். மூன்றாம் வாய்பாடு முழுவதும் அந்தச் சட்டைப்பைக்குள் இருக்கிறது. "ஏழு காய் வெடித்தால் எத்தனை கொட்டை?" என்று கேட்டால் பாடம் தொடங்கிவிடும்.

கண்டி வீதியில் போகிறவர்களுக்கு வரக்காப்பொல என்றால் எள்ளுருண்டையும் தொதலும் வாங்க வண்டியை நிறுத்தும் ஊர். வீதியை விட்டு உள்ளே திரும்பி மேடேறினால் ரப்பர்தான். இந்த மரத்தின் நாற்றுகள் இலங்கைக்கு முதலில் வந்து சேர்ந்தது 1876இல். அவற்றை நட்ட ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா, கம்பஹாவில், இங்கிருந்து அதிக தூரமில்லை. கணிதம் கற்பிக்கக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பணம் இல்லாத வீட்டில், அந்த மரம் காலடியில் போடுகிற கொட்டை இலவசம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பச்சை ரப்பர் கொட்டை நஞ்சு. வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் தவழும் வீட்டில் எந்தக் கொட்டையாக இருந்தாலும் எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும்.

பெற்றோர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "வாய்பாட்டைக் கடகடவென்று சொல்லுறான், இடையில கேட்டா முழிக்கிறான்." ஏழெட்டு என்ன என்று கேட்டால் பிள்ளை ஓரேழு ஏழு என்று அடியிலிருந்து ஏறி வருகிறது. இதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை. பாட்டாகப் படித்ததைப் பாட்டாகத்தான் நினைவுக்குக் கொண்டுவர முடியும். நடு அடியைக் கேட்டால் முதல் அடியிலிருந்து பாடிப் பார்ப்பது யாருக்கும் இயல்பு. தேவை இரண்டு. ஏழெட்டு என்றால் என்ன என்பதைக் கண்ணும் கையும் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் அந்த ஒரு விடையை மட்டும் தனியே எடுத்துச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். சத்தமாக ஒப்புவிப்பதில் இந்த இரண்டுமே நடப்பதில்லை.

அதற்காக வாய்பாட்டு ஒப்புவிப்பைக் கேலி செய்யவும் நான் தயாரில்லை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்று இருந்தது. முழு எண்களின் பெருக்கலோடு காலும் அரைக்காலும் மாகாணியும் (அதாவது பதினாறில் ஒரு பங்கு) மனப்பாடம் ஆகும். குழிமாற்று என்ற பகுதியில் நிலம் அளக்கத் தேவையான வர்க்க எண்கள் வரும். கடையிலும் களத்து மேட்டிலும் அன்றாடம் புழங்கிய கணக்கு அது. மனப்பாடம் செய்த பிள்ளை வெளியே போனால் அதைப் பயன்படுத்த இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வெளி இடம்தான் குறைந்துவிட்டது. விளையாட்டு அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பும்.

முதலில் பயத்தைக் குறைப்போம். பல கொப்பிகளின் பின்னட்டையில் வாய்பாடு அச்சாகியிருக்கும். 1 முதல் 10 வரை கட்டம் போட்டால் 100 விடை. பிள்ளை அதைப் பார்த்து மலைப்பது நியாயம். ஆனால் 3×7உம் 7×3உம் ஒன்றுதான் என்று தெரிந்த நிமிடம் 100 என்பது 55 ஆகிவிடும். ஒன்றாம் வாய்பாட்டையும் பத்தாம் வாய்பாட்டையும் யாரும் படிக்க வேண்டியதில்லை. அவை போனால் 36. இரண்டாம் வாய்பாடு வெறும் இரட்டிப்பு, 28. ஐந்தாம் வாய்பாட்டைக் கையே சொல்லித்தரும், 21. ஒன்பதாம் வாய்பாட்டுக்குப் பத்தால் பெருக்கி ஒருமுறை கழித்தால் போதும், 9×7 என்றால் 70இல் 7 போக 63. இப்போது 15. நான்காம் வாய்பாடு இரட்டிப்பின் இரட்டிப்பு: 7, 14, 28. மீதி 10. ரப்பர் கொட்டையால் மூன்றாம் வாய்பாட்டையும் முடித்துவிட்டால் எஞ்சுவது ஆறே ஆறு:

6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8.

இந்தக் கழித்தலைப் பிள்ளையோடு உட்கார்ந்து, பின்னட்டைக் கட்டத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டுங்கள். இதுவே ஒரு விளையாட்டுத்தான். "இவ்வளவுதானா அம்மா?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, 3×7உம் 7×3உம் ஒன்று என்பதை எப்படிக் காட்டுவது? சொல்லி நம்பவைக்க வேண்டாம், கோலம் இருக்கிறது. நேர்ப்புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த அக்காவோ அப்பாயியோ எல்லா லயத்திலும் உண்டு. வரிசைக்கு 7 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். பிள்ளையை ஒரு பக்கம் நிறுத்தி எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை என்று கேளுங்கள். பிறகு அதே கோலத்தின் பக்கவாட்டில் வந்து நிற்கச் சொல்லுங்கள். இப்போது 7 வரிசை, வரிசைக்கு 3. புள்ளி ஒன்றுகூட நகரவில்லை, ஆள்தான் இடம் மாறியது. 7×7 போன்ற கணக்குகள் சதுரக் கோலமாக வரும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி. (இடைப்புள்ளிக் கோலம் இதற்கு உதவாது, அதில் வரிசைக்கு வரிசை புள்ளி குறைந்துகொண்டே போகும். அது வேறொரு கணக்கு.)

மழை நாளில் வாசலில் கோலம் நிற்காது. அதற்கு ஒரு கடதாசி வழி. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் 10 வரிசை, வரிசைக்கு 10 என்று புள்ளி வையுங்கள். பிஸ்கட் பெட்டி அட்டையில் 'ட' எழுத்தின் வடிவத்தில் ஒரு துண்டு, இரண்டு கையும் அகலமாக, வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் புள்ளித் தாளின் மேல் வைத்து நகர்த்தினால், வலது மேல் மூலையில் மட்டும் ஒரு செவ்வகம் திறந்து தெரியும். நகர்த்த நகர்த்த 4×6, 5×6, 6×6 என்று ஒவ்வொரு பெருக்கலும் உருவத்தோடு வந்து நிற்கும். 7×8 திறந்திருக்கும்போது ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு ஈர்க்கை வைத்துப் பாருங்கள். மேலே ஐந்தெட்டு 40, கீழே இரண்டெட்டு 16, மொத்தம் 56. தெரியாத பெருக்கலைத் தெரிந்த இரண்டாக உடைக்கலாம் என்பதைப் பிள்ளை இப்படிக் கண்ணால் கண்டுவிட்டால், விடை மறந்துபோன நாளிலும் அதற்கு வழி இருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்கிறவர்கள் இந்த ஈர்க்கு வேலையைச் செய்யட்டும்.

இனி பல்லாங்குழி. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் சிங்கள வீடுகளில் இதற்கு உறவான ஒலிந்த கெலிய என்ற விளையாட்டு உண்டு. ஒலிந்த என்பது குன்றிமணி. இரண்டு பலகையிலும் பக்கத்துக்கு 7 குழி, ஆக 14. ஒலிந்தவில் குழிக்கு 4 மணி போடும் வழக்கம் உண்டு. கணக்குப் பார்த்தால் வேடிக்கை ஒன்று தெரியும்: எதிரெதிர்க் குழி இரண்டையும் சேர்த்தால் 8 மணி, அப்படி 7 சோடி. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் ஏழெட்டு 56 அந்தப் பலகையில் விளையாட்டு தொடங்கும் முன்னரே நிரம்பிக் கிடக்கிறது! பல்லாங்குழியில் குழிக்கு 5 போட்டால் பலகையில் 70, 6 போட்டால் 84. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டு, பிறகு ஆட்டத்தைத் தொடங்கலாம். குன்றிமணி மட்டும் பிள்ளைகள் கையில் வேண்டாம். அழகான அந்த விதை கடிபட்டு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை நல்லது.

பலகை இல்லாத வீட்டில் சிரட்டையை வரிசையாக வையுங்கள். ரப்பர் தோட்டத்தில் சிரட்டைக்குப் பஞ்சம் உண்டா? பெருக்கல் பழக ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். 2 முதல் 8 வரை எழுதிய துண்டுச் சீட்டுகள் இரண்டு கட்டு தயார் செய்யுங்கள். பிள்ளை முதல் கட்டில் ஒரு சீட்டு எடுத்தால் அத்தனை சிரட்டை. இரண்டாம் கட்டில் ஒரு சீட்டு எடுத்தால் சிரட்டைக்கு அத்தனை கொட்டை. கொட்டையைப் போடும் முன்பே மொத்தத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போட்டு எண்ணிப் பார்க்கலாம். சரியென்றால் அத்தனை கொட்டையும் பிள்ளைக்கு. தவறென்றால் எதிராளிக்கு. கொட்டைக் குவியல் யாருக்குப் பெரிதோ அவர் வெற்றி. பெரிய பெருக்கல் வந்தால் பெரிய குவியல் என்பதால், பிள்ளைகள் 7உம் 8உம் வராதா என்று ஏங்குவார்கள். பயந்த எண்களுக்கே ஆசைப்படும் நிலை!

சொல்லிவிட்டு எண்ண வேண்டும், எண்ணிவிட்டுச் சொல்லக் கூடாது. இந்த ஆட்டத்தின் முழு உயிரும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. கொட்டையை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் 56 என்று சொல்லும் பிள்ளை எண்ணுவதைப் பழகுகிறது, பெருக்கலைப் பழகவில்லை. விளையாட்டு முறைக் கல்வி என்ற பெயரில் நடக்கும் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. வண்ணம் தீட்டுவது, வெட்டி ஒட்டுவது, பூ வடிவில் வாய்பாடு எழுதுவது எல்லாம் பார்க்க அழகு. அரை மணி நேரத்தில் பிள்ளை இரண்டு பெருக்கலுக்குக்கூட மூளையைக் கொடுத்திருக்காது. ஒரு ஆட்டம் நல்லதா என்று அறிய, ஐந்து நிமிடத்தில் பிள்ளை எத்தனை தடவை விடையை நினைவிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். மீண்டும் மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் காட்டினார்கள். அவர்கள் வைத்துப் பார்த்தது வாசிப்புப் பகுதிகளை. வாய்பாட்டுக்கும் அது பொருந்தும்.

கைவிரலையும் விட வேண்டாம். பெருவிரலால் மற்ற நான்கு விரலின் கணுக்களைத் தொட்டு எண்ணுவது நம் பெரியவர்களின் பழக்கம். விரலுக்கு 3 கணு, 4 விரலுக்கு 12. மூன்றாம் வாய்பாட்டின் தொடக்கம் கையிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வாய்பாட்டுக்குப் பத்து விரலையும் விரித்து வையுங்கள். 9×7 என்றால் இடமிருந்து ஏழாவது விரலை மடக்கினால், அதற்கு இடப்பக்கம் 6 விரல், வலப்பக்கம் 3 விரல்: 63.

எஞ்சிய ஆறு கணக்குக்கும் ஒரு கை வித்தை உண்டு, ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பழைய காலத்திலேயே வழங்கியது. 7×8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5க்கு மேல் எவ்வளவோ அத்தனை விரலை நீட்ட வேண்டும்: ஒரு கையில் 2, மறு கையில் 3. நீட்டியவற்றைக் கூட்டினால் 5, அது 50. மடங்கியிருப்பவை ஒரு கையில் 3, மறு கையில் 2. அவற்றைப் பெருக்கினால் 6. ஆக 56. 6×7க்கு நீட்டியவை 1உம் 2உம், 30, மடங்கியவை 4உம் 3உம், பெருக்கினால் 12, மொத்தம் 42. ஒவ்வொரு கையிலும் மடங்கிய விரல்களின் எண்ணிக்கை, அந்த எண் 10க்கு எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டுகிறது, அதனால்தான் கணக்குச் சரியாக வருகிறது. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இது மந்திரம்போல் இருக்கும். வகுப்பில் போய்க் கூட்டாளிகளுக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். அடிக்கட்டும், அதுவும் பயிற்சிதான்.

ஓடியாடும் பிள்ளையை உட்கார வைக்க முயன்று ஏன் சண்டை? பாண்டிக் கட்டத்தில் 1, 2, 3க்குப் பதில் 6, 12, 18 என்று எழுதுங்கள். கயிறடிக்கும்போது எட்டெட்டாக எண்ணலாம். வட்டமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போய், மூன்றால் வகுபடும் எண் வந்தால் எண்ணைச் சொல்லாமல் கைதட்ட வேண்டும் என்ற ஆட்டத்துக்கு ஒரு சாமானும் தேவையில்லை. பஸ்ஸில் ஒரு பக்கம் இரண்டு பேர் இருக்கை, மறுபக்கம் மூன்று பேர் இருக்கை என்றால், வரிசைக்கு 5. ஊருக்குப் போய்ச் சேரும் வரை ஐந்தாம் வாய்பாடு. கடையில் முட்டை அட்டை 5×6. இவை தாண்டித் தாண்டி எண்ணப் பழக்கும். ஆனால் முன்பு சொன்னதுபோல், வரிசையாக ஏறி வருவது மட்டும் போதாது.

அந்தக் குறையைச் சீட்டு தீர்க்கும். சீட்டுக்கட்டு என்றதும் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள், காரணம் ஊரறிந்தது. அட்டையை வெட்டி நீங்களே செய்துகொள்ளுங்கள்: 2 முதல் 9 வரை, ஒவ்வொரு எண்ணிலும் நான்கு, ஆக 32 அட்டை. இதுவே 8×4 அல்லவா? இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆளுக்குப் பாதி எடுத்து, ஒரே நேரத்தில் மேல் அட்டையைத் திருப்ப வேண்டும். இரண்டு எண்ணையும் முதலில் பெருக்கிச் சொல்பவருக்கு இரண்டு அட்டையும். அண்ணனும் தம்பியும் விளையாடினால் தம்பி தோற்றுக்கொண்டே இருப்பான். அண்ணன் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்கலாம் என்று விதி போடுங்கள். ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருக்கும் அந்தக் காலை நேரம் இஸ்தோப்பில் இந்த ஆட்டத்துக்கு வாய்ப்பான நேரம். பெரியவர்கள் விளையாடும் முந்நூற்று நாலு ஆட்டத்தின் பெயரும் பெருக்கலில் பிறந்ததுதான். ஒரு வகைச் சீட்டின் புள்ளிகள் 30, 20, 11, 10, 3, 2, கூட்டினால் 76. நான்கு வகைக்கும் 304.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2022 முதல் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வாய்பாட்டுச் சோதனை கட்டாயம்: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, 12×12 வரை. வேகமாக நினைவுக்கு வருவது தேவைதான். புலமைப்பரிசில் பரீட்சையில் நீளமான கணக்கு ஒன்றின் நடுவே ஏழெட்டு வந்து நிற்கும்போது அதற்காக விரல் மடக்கிக்கொண்டிருந்தால் கணக்கின் நுனி கையை விட்டுப் போய்விடும். ஆனால் வேகம் கடைசியில் வர வேண்டியது. விடை தெரியாத பிள்ளையின் முன் மணிக்கூட்டை வைத்தால் அது பழகுவது பதற்றத்தை மட்டும்தான். தவறாகச் சொன்னால் சரியான விடையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லாமல், சிரட்டைக்கோ புள்ளித் தாளுக்கோ அனுப்புங்கள். கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட அது பல மடங்கு மேல்.

கொப்பியின் பின்னட்டைக் கட்டத்தை வண்ணம் தீட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெருக்கலைப் பிள்ளை மூன்று வெவ்வேறு நாளில் யோசிக்காமல் சரியாகச் சொல்கிறதோ, அந்தக் கட்டத்துக்கு வண்ணம். 6×8க்குத் தீட்டினால் 8×6க்கும் கூடவே தீட்ட வேண்டும், அது இலவசம். கடைசி வரை வெள்ளையாக நிற்பது பெரும்பாலும் 6×7, 6×8, 7×8 மூன்றும்தான். அவற்றை விடையில்லாமல் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவில் ஒட்டுங்கள். அப்பா, அக்கா, அப்பாயி, வீட்டுக்கு வரும் மாமா, யாராக இருந்தாலும் ஒரு விடையைச் சொல்லித்தான் வாசலைத் தாண்ட வேண்டும், காவலுக்கு நிற்பது பிள்ளை. அப்பாயிக்கு விடை தெரியவில்லை என்றால் விரல் வித்தையைப் பிள்ளைதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.